நாவலின் அக்கம்பக்கம்

'ஆல் தி இயர் ரவுண்ட்' என்பது சார்லஸ் டிக்கன்ஸ் லண்டனிலிருந்து நடத்திய வார இதழ். 1859 நவம்பர் 26 என்று தேதியிட்ட இதழில் அவருடைய 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' நாவலின் கடைசிப் பகுதி வெளிவந்தது. வில்கி காலின்ஸ் எழுதிய 'தி உமன் இன் ஒயிட்' நாவலின் முதல் பகுதியும் அதே இதழில்தான் வெளிவந்தது. அன்றைக்கு இரண்டு பென்ஸ் கொடுத்து அதை வாங்கிய வாசகர், சிட்னி கார்ட்டன் கில்லட்டின் மேடை ஏறிய துயரம் ஆறுவதற்குள் இன்னொரு பெரிய கதைக்குள் காலெடுத்து வைத்திருப்பார். இன்று நாம் அவ்விரண்டையும் தனித்தனி நூல்களாக, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவையாகப் படிக்கிறோம். ஒரே வாரத்தில் ஒரே தாளில் அடுத்தடுத்து நின்றவை அவை என்பதை அந்த 24 பக்க இதழைக் கையில் எடுத்தால்தான் உணர முடியும்.

நான் பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்து வருவது இத்தகைய இதழ்களைத்தான். விக்டோரியா மகாராணியின் காலத்து ஆங்கில நாவல்கள் நூல்வடிவம் பெறுவதற்கு முன்பு முதன்முதலாக அச்சேறிய வார, மாத இதழ்களும், மாதந்தோறும் தனிப் பகுதிகளாக விற்கப்பட்ட மெல்லிய நூல்களும் என் அலமாரியில் இருக்கின்றன. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இதை ஏன் செய்கிறேன் என்று கேட்கும் நண்பர்களுக்கு விரிவாக ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் அக்காலத்து விலை நிலவரத்தைச் சொல்ல வேண்டும். விக்டோரியா காலத்தில் புதிய நாவல் ஒன்று பெரும்பாலும் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதன் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரணக் குடும்பம் ஒன்று நினைத்துப் பார்க்க முடியாத தொகை அது. ஆகவே பலரும் வாடகை நூலகங்களுக்கு, பின்னாளில் குறிப்பாக மூடி என்பவருடைய நூலகத்துக்கு, சந்தா கட்டி நாவல்களை இரவல் வாங்கிப் படித்தார்கள். 1836இல் 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதம் ஒரு ஷில்லிங் விலையில் பச்சை மேலட்டையோடு பகுதி பகுதியாக வரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. முதல் பகுதியை ஆயிரம் படிகள் அச்சிட்ட பதிப்பகத்தார், 1837 நவம்பரில் தொடர் முடிந்தபோது ஏறக்குறைய 40,000 படிகள் அச்சிட்டார்கள். அதன் பிறகு விளம்பர வரி 1853லும், செய்தித்தாள் முத்திரை வரி 1855லும், காகித வரி 1861லும் நீக்கப்பட்டன. இதழ்கள் பெருகின. 1860 ஜனவரியில் தாக்கரேயை ஆசிரியராகக் கொண்டு ஒரு ஷில்லிங்குக்கு வெளிவந்த 'கார்ன்ஹில் மேகசின்' முதல் இதழே ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. டிராலப் எழுதிய 'ஃப்ராம்லி பார்சனேஜ்' அந்த இதழில்தான் தொடங்கியது. நாம் இன்று செவ்வியல் என்று போற்றும் நாவல்களில் பெரும்பகுதி இப்படித்தான், அடுத்த வாரத்துக்கோ அடுத்த மாதத்துக்கோ வாசகரைக் காக்க வைத்து, வீடுகளுக்குள் நுழைந்தது.

நம் பக்கத்துக்கு அவை வந்து சேர்ந்த வழியும் தெளிவானது. கார்ன்ஹில் இதழை வெளியிட்ட ஸ்மித், எல்டர் நிறுவனம் இந்தியாவில் இருந்த கம்பெனி அதிகாரிகளுக்குப் புத்தகமும் பிற பொருள்களும் அனுப்பும் வணிகத்தில் ஏற்கெனவே ஊறியிருந்தது. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் லண்டன் தபால் வரும் நாள்கள் குறைந்தன. குன்னூர், உதகை பங்களாக்களுக்கும், பின்னாளில் ஆனைமலைத் தோட்டங்களுக்கும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கும் இதழ்கள் வந்தன. படித்து முடித்தவற்றை ஆறு மாதத்துக்கு ஒரு தொகுதியாகத் தோல் முதுகு வைத்துக் கட்டி அலமாரியில் அடுக்கினார்கள். துரைமார் போன பிறகு பங்களாக்கள் கைமாறின. தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்தத் தொகுதிகளும் ஏலம் போயின. மலையிலிருந்து இறங்கிய சரக்கில் ஒரு பகுதி மேட்டுப்பாளையத்துப் பழைய சாமான் கடைகளிலும், பின்பு உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளிலும் வந்து நின்றது. என்னிடம் இருப்பவற்றுள் பாதி இவ்வழியில் கிடைத்தவை. மீதியை இங்கிலாந்தில் இருக்கும் பழைய புத்தக வணிகர்களிடமிருந்து, புத்தக விலையைவிடத் தபால் செலவு கூடுதலாகக் கொடுத்து, வரவழைத்தேன்.

என் சேகரிப்பில் நான் உயிராக மதிப்பது 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழின் 9ஆவது, 10ஆவது தொகுதிகளை. பணமதிப்பில் இவை பெரியவை இல்லை. கட்டப்பட்ட தொகுதிகளாகத் தேடினால் இன்றும் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கக்கூடியவை. டிக்கன்ஸ் 1850இல் தொடங்கிய வார இதழ் இது. 24 பக்கம், பக்கத்துக்கு இரண்டு பத்தி, படம் கிடையாது, விலை இரண்டு பென்ஸ். 'சார்லஸ் டிக்கன்ஸ் நடத்துவது' என்ற வரி மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே எழுதியவர்களுடைய பெயர்கள் பொதுவாக இருக்காது. 1854 ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 12 வரை 'ஹார்ட் டைம்ஸ்' இதில் 20 வாரம் ஓடியது. சரிந்திருந்த இதழின் வருமானத்தை நிமிர்த்துவதற்காக அவர் எழுத ஒப்புக்கொண்ட தொடர் அது. நினைத்தபடியே விற்பனையும் நிமிர்ந்தது. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 2 முதல் 1855 ஜனவரி 27 வரை எலிசபெத் கேஸ்கெலின் 'நார்த் அண்ட் சவுத்' ஓடியது. இரண்டும் இங்கிலாந்தின் வடக்கே இருந்த பஞ்சாலை நகரங்களைப் பற்றிய கதைகள். ஆக, அந்த ஓர் ஆண்டில் அந்த இதழைப் படித்துவந்தவர்கள் ஏறக்குறைய பத்து மாதம் ஆலைப் புகையிலேயே வாழ்ந்திருக்கிறார்கள்.

நான் ஆலைச் சங்கின் ஒலியைக் கேட்டு வளர்ந்தவன். என் தந்தை கோவையில் ஒரு நூற்பாலையில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தார். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது அவருடைய புருவத்திலும் காது மடலிலும் பஞ்சுத்துகள் வெள்ளையாகப் படிந்திருக்கும். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே முதல் நூற்பாலையைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊரின் சாப்பாடும் சம்பளமும் பஞ்சோடு பிணைந்தவை. எனவே இந்த இரண்டு நாவல்களைக் கல்லூரிப் பருவத்தில் பேப்பர்பேக் பதிப்பாகப் படித்தபோதே எனக்கு அவை நெருக்கமாகிவிட்டன. ஆனால் 9ஆவது தொகுதியைப் புரட்டியபோது கிடைத்த அனுபவம் முற்றிலும் வேறாக இருந்தது.

ஏப்ரல் 22 இதழில், 'ஹார்ட் டைம்ஸ்' தொடரின் நான்காம் பகுதிக்குப் பின்னால், தொகுதியின் 224ஆம் பக்கத்தில், 'கிரவுண்ட் இன் தி மில்' என்ற கட்டுரை தொடங்குகிறது. ஆலை இயந்திரங்களில் சிக்கிக் கையிழந்தவர்கள், உயிரிழந்தவர்கள் பற்றிய கட்டுரை அது. எழுதியவர் ஹென்றி மார்லி. சுழலும் தண்டுகளுக்கும் சக்கரங்களுக்கும் தடுப்பு வேலி போட வேண்டும் என்று 1844இலேயே சட்டம் வந்தும், அதற்கு ஆகும் சிறு செலவை ஆலை முதலாளிகள் தட்டிக்கழித்ததை அக்கட்டுரை அடுக்கடுக்கான எடுத்துக்காட்டுகளோடு சொல்கிறது. நாவலுக்கும் இதற்கும் ஓர் ஆழமான உறவு உண்டு. நாவலில் வரும் ஆலைத் தொழிலாளிகளான ஸ்டீபனும் ரேச்சலும் பேசும் ஒரு காட்சியில், ரேச்சலின் தங்கை சிறுமியாக இருந்தபோது ஆலை இயந்திரத்தில் கை துண்டாகி இறந்ததைப் பற்றிய பேச்சை டிக்கன்ஸ் முதலில் எழுதியிருந்தார். அந்த இடத்தில் மார்லியின் கட்டுரையைச் சுட்டும் அடிக்குறிப்பு ஒன்றையும் சேர்த்திருந்தார். அச்சுப்படி திருத்தும் கட்டத்தில் பேச்சையும் அடிக்குறிப்பையும் எடுத்துவிட்டார். நூலை மட்டும் படிப்பவருக்கு அந்தத் தங்கையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தொழிற்சங்கத்தில் சேர மறுப்பதற்குக் காரணமான வாக்கை ஸ்டீபன் ரேச்சலுக்கு எதனால் கொடுத்தான் என்பது கடைசிவரை மங்கலாகவே இருக்கும். இதழைப் படித்தவருக்கோ, நாவல் பேசாமல் விட்டதை அதே இதழ், சில வாரங்களுக்கு முன்பே, பேசிவிட்டது.

அன்று மாலை அக்கட்டுரையை என் தந்தைக்குத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக் காட்டினேன். பெல்ட்டில் சட்டை சிக்கிய பையனைப் பற்றிய இடம் வந்ததும் அவர் கையமர்த்தி நிறுத்தச் சொன்னார். "எங்க காலத்துல மிஷினுக்குத் தடுப்பு மூடி வெச்சிருந்தாங்க. ஆனாச் சுத்தம் பண்றப்பக் கழட்டிருவாங்க. அப்பத்தானே ஆபத்தே" என்றார். மார்லி எழுதியதற்கு நூறாண்டுக்கும் மேல் பிந்திய, எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளிய ஓர் ஆலைத் தொழிலாளி அவருடைய கட்டுரைக்குச் சொன்ன மறுமொழியாகவே அதை நான் கருதுகிறேன்.

அச்சில் நிகழ்ந்த மாற்றங்களும் இத்தொகுதிகளில் தெளிவாகத் தெரிகின்றன. இதழில் 'ஹார்ட் டைம்ஸ்' அத்தியாயங்களுக்குத் தலைப்பே இல்லை, எண் மட்டும்தான். விதைப்பு, அறுப்பு, களஞ்சியம் சேர்ப்பு என்ற மூன்று பாகப் பிரிவு 1854இல் நூலாக வந்தபோது சேர்க்கப்பட்டது. பள்ளிக்கூட ஆய்வுரைகள் எல்லாம் அந்த வேளாண்மைப் படிமத்தை நாவலின் அடித்தளமாகச் சொல்கின்றன. முதல் வாசகர்கள் அதைப் பார்த்ததே இல்லை. கேஸ்கெலின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. வாரப் பகுதிகளுக்கு ஏற்றபடி கதையை வெட்டுவது அவருக்குக் கைவரவில்லை; டிக்கன்ஸோடு அதனால் மனக்கசப்பு வந்தது; முடிவை அவசரமாகச் சுருக்க நேர்ந்தது. நூலாக்கியபோது அந்தக் குறையை முன்னுரையில் சொல்லி, கடைசிப் பகுதியில் புதிய அத்தியாயங்களைச் சேர்த்து விரித்தார். 1855 ஜனவரி இதழ்களை அடுத்தடுத்துப் படித்தால், நாயகி மார்கரெட்டின் வாழ்க்கையில் சாவுகள் மூச்சுவிட இடமின்றி வந்து விழுவதைக் காணலாம்.

இப்படி இதழுக்கும் நூலுக்கும் இடையே வேறுபடும் நாவல்கள் ஏராளம். 'ஆலிவர் ட்விஸ்ட்' 1837 பிப்ரவரியில் 'பென்ட்லீஸ் மிஸலனி' இதழில் தொடங்கியபோது ஆலிவர் பிறந்த ஊருக்கு மட்ஃபாக் என்று பெயர் இருந்தது. நூலில் அப்பெயர் போய்விட்டது. 'டிரெஷர் ஐலண்ட்' 1881 அக்டோபரிலிருந்து 1882 ஜனவரி வரை 'யங் ஃபோக்ஸ்' என்னும் சிறுவர் வார இதழில் வந்தபோது ஸ்டீவன்சனின் பெயரே இல்லை. கேப்டன் ஜார்ஜ் நார்த் என்ற புனைபெயர்தான் இருந்தது. ஆஸ்கார் வைல்டின் 'டோரியன் கிரே' 1890 ஜூலை மாத 'லிப்பின்காட்ஸ்' இதழில் முழு நாவலாக ஒரே மூச்சில் வந்தது. அதில் 13 அத்தியாயங்கள்தாம். மறு ஆண்டு வந்த நூலில் 20 அத்தியாயங்களும், புகழ்பெற்ற அந்த முன்னுரையும் உண்டு. இதழில் வந்த கதையைப் பத்திரிகைகள் ஒழுக்கக்கேடு என்று தூற்றியதால், ரயில் நிலையக் கடைகளை நடத்திய டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் அந்த இதழை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கலங்க வைப்பது தாமஸ் ஹார்டியின் 'டெஸ்'. ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தையே கைவிட்டு, இரண்டு இதழ்கள் மறுத்த பிறகு, 1891 ஜூலை 4 முதல் டிசம்பர் 26 வரை 'தி கிராஃபிக்' வார இதழில் அது வந்தது. குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து படிக்கும் இதழ் என்பதால் ஹார்டி தம் நாவலைத் தாமே அறுத்தார். அலெக் என்பவன் நாயகி டெஸ்ஸை வஞ்சிப்பதற்குப் பதிலாக, இதழில் ஒரு போலித் திருமணம் நடக்கிறது. குழந்தைக்கு டெஸ் தானே ஞானஸ்நானம் செய்யும் காட்சி அங்கே கிடையாது. அதை அவர் 1891 மே மாத 'ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ' இதழில் தனிக்கதையாக வெளியிட்டார். வெள்ளம் தேங்கிய சந்தில் டெஸ்ஸின் காதலன் ஏஞ்சல் பால்பண்ணைப் பெண்களை ஒவ்வொருவராகக் கைகளில் தூக்கிக் கடக்கும் அருமையான காட்சியில், இதழாசிரியருடைய கூச்சத்துக்கு இணங்கி, அவன் அவர்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்கிறான். இந்த நாவலின் முதல் தோற்றத்தை முழுமையாகச் சேர்க்க விரும்புபவர் இதனால் ஓர் இதழோடு நிற்க முடியாது. சிதறிய பகுதிகளை வெவ்வேறு இதழ்களில் தேடிப் பிடிக்க வேண்டும். என்னிடம் கிராஃபிக் தொகுதி இருக்கிறது. ஃபோர்ட்நைட்லி இதழ் இன்னும் கிடைக்கவில்லை.

ஆனால் வாசகங்களின் வேறுபாட்டைவிட நான் பெரிதாக நினைப்பது மேலட்டைகளையும் விளம்பரங்களையும்தான். இங்கேதான் சேகரிப்பவரின் உண்மையான துன்பம் தொடங்குகிறது. ஆறு மாத இதழ்களைத் தொகுதியாகக் கட்டிய விக்டோரியா காலத்துப் பைண்டர்கள், மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் வேண்டாதவை என்று எறிந்துவிட்டு, கதையும் கட்டுரையும் இருந்த தாள்களை மட்டும் தைத்தார்கள். நூலகங்களும் அவ்வாறு கட்டியவற்றையே வாங்கிவைத்தன. இன்று இணையத்தில் கிடைக்கும் மின்படிகளும் பெரும்பாலும் அந்த நூலகத் தொகுதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. டிக்கன்ஸின் இரண்டு வார இதழ்களையும் பக்கிங்காம் பல்கலைக்கழகத்தார் இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார்கள். நானும் அதை அன்றாடம் பயன்படுத்துகிறேன், அவர்களுக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் பைண்டர் எறிந்ததை எந்த ஸ்கேனராலும் மீட்க முடியாது.

எறியப்பட்டவற்றின் மதிப்பை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். 1852 மார்ச் முதல் மாதப் பகுதிகளாக வந்த 'ப்ளீக் ஹவுஸ்' நாவலோடு விளம்பரங்களுக்கென்றே தனி இணைப்புத் தாள்கள் இருந்தன. ஈ. மோசஸ் அண்ட் சன் என்ற லண்டன் துணிக்கடைக்காரர்கள், நாவலின் பெயரையே எடுத்துத் திருப்பி, 'ஆன்டி ப்ளீக் ஹவுஸ்' என்ற தலைப்பில் தங்கள் ஆடைகளுக்கு விளம்பரம் எழுதினார்கள். குளிரும் காற்றும் வாட்டும் வீட்டுக்கு எதிராகத் தங்கள் துணி காப்பாற்றும் என்பது அவர்கள் வாதம். திருப்பூரில் பனியன் வணிகம் செய்யும் நண்பர் ஒருவருக்கு இதைச் சொன்னபோது அவர் நாவலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த விளம்பரம் எந்த மாதம் வந்தது, எத்தனை மாதம் தொடர்ந்தது, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று துருவித் துருவிக் கேட்டார். அவர் கேட்டவை அனைத்தும் நல்ல கேள்விகள். 1933இல் ஹாட்டன், கிளீவர் என்ற இருவர் டிக்கன்ஸின் மாதப் பகுதிகள் ஒவ்வொன்றிலும் எந்தெந்த விளம்பரத் தாள் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று பட்டியலிட்டு ஒரு பெரிய நூலே எழுதினார்கள். அந்த நூலைத் துணையாகக் கொள்ளாமல் டிக்கன்ஸ் பகுதிகளை யாரும் பெரும்பணம் கொடுத்து வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. குறைந்த தாள்களை வேறு படியிலிருந்து எடுத்து ஒட்டி, முழுமையானது என்று விற்பது இத்துறையில் பழைய வழக்கம்.

சாதாரணப் பைண்டிங்கில் இருப்பவற்றையும் கவனித்துப் பார்த்தால் சில உண்மைகள் தெரியும். மாதப் பகுதிகள் ஓரத்தில் ஊசியால் குத்தித் தைக்கப்பட்டவை. அவற்றைப் பிரித்து நூலாகக் கட்டியிருந்தால், தாள்களின் உள்விளிம்பில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். துளை இருந்தால் அத்தாள்கள் யாரோ ஒரு வாசகர் மாதாமாதம் காத்திருந்து வாங்கியவை என்று கொள்ளலாம். இல்லாவிட்டால் பதிப்பகத்தார் விற்காத தாள்களை மொத்தமாகக் கட்டியவையாக இருக்கலாம். 1847, 1848 ஆண்டுகளில் மஞ்சள் மேலட்டையோடு வந்த தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' என்றால் 336ஆம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டெய்ன் பிரபுவின் முகத்தைக் காட்டும் மரச்செதுக்குப் படம் ஒன்று முதலில் அங்கே இருந்து, பின்பு நீக்கப்பட்டது. இருந்தால் அது முதல் அச்சு.

கார்ன்ஹில் மேலட்டை என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதுவும் ஒரு மூலை போனது. மங்கிய ஆரஞ்சு நிறத் தாள். காட்ஃப்ரி சைக்ஸ் வரைந்த சித்திரம். அதில் நான்கு வட்டங்கள்: ஒன்றில் ஏர் உழுபவன், ஒன்றில் விதைப்பவன், ஒன்றில் அறுப்பவன், ஒன்றில் போரடிப்பவன். லண்டனின் கார்ன்ஹில் தெருவில் தொடங்கி, உலகெங்கும் போன ஓர் இலக்கிய இதழின் முகத்தில் உழவின் நான்கு பருவங்கள் இருந்தன. 1874 ஜனவரி முதல் டிசம்பர் வரை ஆசிரியர் பெயரின்றி 'ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுட்' வந்தது இந்த மேலட்டைக்குள்தான். ஆட்டுப்பட்டியும், கதிர்ப்போரும், மழைக்கு முன் போர் மூடும் பதைப்பும் நிறைந்த அக்கதையை, கோபிப் பக்கம் நெல்வயலும் தாராபுரம் பக்கம் பட்டி ஆடுகளும் பார்த்து வளர்ந்த ஒருவர் இந்த அட்டையோடு சேர்த்துப் பார்த்தால் அந்தப் பொருத்தம் உடனே விளங்கும். என்னிடம் உள்ள 29, 30ஆம் தொகுதிகளில் ஹெலன் ஆலிங்ஹாமின் படங்கள் இருக்கின்றன. மேலட்டைகள் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கிழிந்த மேலட்டையையும் சில விளம்பரத் தாள்களையும் பாதுகாப்பாக ஓர் உறையில் தைத்துத் தரச் சொல்லி, காட்டூர் பக்கம் ஒரு பழைய பைண்டிங் கடைக்கு எடுத்துச் சென்றேன். கைநேர்த்தியான மனிதர் அவர். தாள்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதெல்லாம் வெளம்பரந்தானுங்களே? இதைய எடுத்துப்போட்டுட்டா பைண்டிங் நல்லாப் படிமானமா உக்காருமுங்க" என்றார். லண்டன் பைண்டர்கள் சொல்லியிருக்கக்கூடிய அதே சொற்கள். அந்த விளம்பரங்களுக்காகத்தான் இவற்றை வாங்கினேன் என்று விளக்கியதும், சற்று யோசித்து, "அப்படீங்களா? அப்பத் தைக்கவே வேண்டாமுங்க, துளை விழுந்துரும். பொட்டி செஞ்சு அதுல வெச்சுக்குங்க" என்று சொல்லி, கெட்டி அட்டையில் அளவெடுத்து ஒரு பெட்டி செய்து கொடுத்தார். அவரிடம் கற்றுக்கொண்ட பாடத்தை இன்றுவரை பின்பற்றுகிறேன்: உதிரி இதழ் எதையும் நான் பைண்ட் செய்வதில்லை.

நம் வீடுகளிலும் இதே கதை நடந்தது. 1950 அக்டோபர் 29இல் 'பொன்னியின் செல்வன்' கல்கியில் தொடங்கி, மணியம் படங்களோடு 1954 வரை வந்தது. என் அம்மாயி வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கத்தரித்து எடுத்து, ஊசி நூலால் தைத்து, பாகம் பாகமாகப் பவானியில் பைண்ட் செய்து வைத்திருந்தார். அது இரவலாகப் பல வீடுகளுக்குப் போய்வந்து, மூலைகள் எல்லாம் எண்ணெய் ஏறிக் கனிந்துபோயிற்று. தமிழ்க் குடும்பங்களின் மிகப் பெரிய இலக்கியச் செயல்களில் ஒன்றாக நான் அதைக் கருதுகிறேன். அந்தப் பெண்கள் இல்லையென்றால் பல தொடர்கள் நூலாகும் வரை பிழைத்தே இருக்காது. ஆயினும் அந்தப் பைண்டிங்கைப் புரட்டும்போதெல்லாம், வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்பக்கத்தில் பாதியாக வெட்டுண்ட ஒரு சிறுகதையும், விலை மட்டும் தெரிகிற ஒரு சோப்பு விளம்பரமும், முதல் இரண்டு வரி இல்லாத ஒரு தலையங்கமும் கண்ணில் படுகின்றன. நாடு விடுதலை பெற்று மூன்றாண்டு ஆன அந்த நாள்களில் வந்தியத்தேவனோடு சேர்த்து எவற்றையெல்லாம் அம்மாயி படித்தார் என்பதை அறிய, இனி முழு இதழ்களைத்தான் தேட வேண்டும்.

பெருவிலைப் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கேட்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887இல் 'பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆன்யுவல்' என்ற ஒரு ஷில்லிங் மலரில் வந்தது. முழு உரிமைக்கும் கோனன் டாய்லுக்குக் கிடைத்தது 25 பவுண்டு. உலகில் இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படும் படிகள் முப்பதைச் சற்றே தாண்டும். விலை நம் கற்பனைக்கு அப்பாற்பட்டது. மறுபதிப்புகள் பல உண்டு என்பதால், மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் நம்ப வேண்டாம். நான் அதைத் தேடுவதில்லை. ஒரே ஒரு இதழுக்காக ஏங்குவதைவிட, ஒரு நாவல் ஓடிய எல்லா இதழ்களையும் முதல் வாரம் முதல் கடைசி வாரம் வரை, இடையில் விடுபடாமல், அக்கம்பக்கத்துக் கட்டுரைகளோடு சேர்த்து வைப்பதே சிறந்த சேகரிப்பு என்று நான் நம்புகிறேன். அதற்குப் பணத்தைவிடப் பொறுமை அதிகம் வேண்டும்.

பாதுகாப்பு முறை நம் தட்பவெப்பத்தைப் பொறுத்தது. 1850களின் இதழ்கள் பெரும்பாலும் கந்தல் துணிக்கூழால் செய்த தாளில் அச்சானவை. அவை இன்றும் மடங்கும், முறியாது. 1880களுக்குப் பிந்தியவை மரக்கூழ்த் தாள். புளிப்பேறிப் பழுத்து, புரட்டினாலே ஓரம் உதிரும். 'யங் ஃபோக்ஸ்' போன்ற மலிவுச் சிறுவர் இதழ்கள் இவ்வளவு அரிதானதற்குப் பிள்ளைகளின் கையோடு இந்தத் தாளும் ஒரு காரணம். கோவையின் வறண்ட மாதங்கள் தாளுக்கு நல்லவை. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில்தான் கவனம் வேண்டும். மலையிலிருந்து இறங்கும் தொகுதிகளில் இராமபாணப் பூச்சி முதுகுப் பசையைத் தின்றிருக்கும், தோல் சிவப்புப் பொடியாகக் கையில் ஒட்டும். அவற்றை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்து, பக்கம் பக்கமாக மென்தூரிகையால் துடைத்து, நிழலில் காற்றாட விட்ட பிறகே அலமாரியில் ஏற்றுகிறேன். சுவடிக்கட்டுகளுக்கு நம் முன்னோர் வைத்த வசம்பை நானும் துணியில் முடிந்து ஓரத்தில் வைக்கிறேன். செலோடேப் மட்டும் என் வீட்டில் தாளைத் தொடக்கூடாது.

அண்மைக்காலமாக என் தேடல் நம் மொழிக்கும் நீண்டிருக்கிறது. விக்டோரியா மகாராணி உயிரோடு இருந்த காலத்திலேயே, 1893 முதல் 1895 வரை, பி. ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' சென்னையில் 'விவேக சிந்தாமணி' மாத இதழில் தொடராக வந்தது, 1896இல் நூலாயிற்று. அதற்கு முன்பே, 1892இல், அ. மாதவையா அதே இதழில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற தொடரைத் தொடங்கி, அது பாதியில் நின்று, பின்னாளில் 'முத்துமீனாட்சி' என்று நூலானது. நின்றுபோன அந்தத் தொடரின் பக்கத்தில் அந்த மாதம் வேறு என்ன கட்டுரை இருந்தது, பின்னட்டையில் யார் விளம்பரம் செய்தார்கள், வாசகர் கடிதம் ஏதும் வந்ததா என்பதையெல்லாம் முழு இதழைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய வக்கீல் வீடுகளிலோ, பள்ளி ஆசிரியர்களின் பரண்களிலோ அந்த ஆண்டுகளின் 'விவேக சிந்தாமணி' இதழ்கள் மேலட்டையோடு யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து கிழிக்கவும் பைண்ட் செய்யவும் வேண்டாம். விலைக்குக் கொடுக்க மனமில்லை என்றாலும் குற்றமில்லை. ஒரு பகல்பொழுது உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து புரட்டிப் பார்க்கவும் படம் எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தால் போதும், வந்துவிடுகிறேன்.